ட்ரெய்னர் சான்றிதழ் எடுத்தால் பிசியோ ஆகலாமா? மலையகத்திலிருந்து போன பிள்ளைகளுக்கு ஒரு நீளமான பதில்

இரண்டு வாரமாக மஸ்கெலியாவில் அம்மாவோடு இருக்கிறேன். வெளியே விடாத மழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது, இஸ்தோப்பில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து போனில்தான் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கந்தப்பளைத் தங்கச்சி கல்யாணம் முடித்து டொரொண்டோ போய் நான்கு மாதம். பொகவந்தலாவைத் தம்பி மெல்பனில் ஸ்டூடண்ட் விசாவில் இருக்கிறான். லண்டன் அண்ணன் பதுளைப் பக்கம், படிக்கப் போயிருக்கிற தன் மச்சினிக்காகக் கேட்கிறார். மூவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் அனுப்பி, பாதியில் சிக்னல் அறுந்ததுதான் மிச்சம். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: பிசியோதெரபிஸ்ட் ஆக ஆசை, முதலில் ஜிம் ட்ரெய்னர் சான்றிதழ் எடுத்துக்கொண்டு அங்கிருந்து மெல்ல மெல்ல பிசியோவுக்கு ஏறிவிடலாமா?

ஏற முடியாது. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமும் ஏறலாம், இரத்தினபுரிப் பக்கமும் ஏறலாம், ஆனால் மவுசாக்கலை அணைக்கட்டில் நின்று மலையைப் பார்த்துவிட்டுப் பாதி ஏறிவிட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டோமே. ட்ரெய்னர் சான்றிதழ் அந்த அணைக்கட்டு மாதிரி. அங்கிருந்து மலை நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன். எதற்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால் போதும். நான் தெரியாமல் எடுத்தேன், அதில் போன காசும் இரண்டு வருடமும்தான் இந்தப் பதிலுக்குக் காரணம்.

நான் ஹட்டனில் ஏ.எல். (உயர்தரம்) பயோ, தமிழ் மீடியம். பேராதனையில் பிசியோ படிப்பு இருக்கிறது, நான்கு வருட டிகிரி, கொழும்பிலும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் கொஞ்சம் கீழே போய்விட்டது. இரண்டாம் தடவை எழுத வீட்டில் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. 2016-இல் கல்யாணமாகி கனடா போனேன். முதல் வேலை ஒரு பேக்கரியில் பாண் பொதி கட்டுவது. நின்ற நிலையில் எட்டு மணி நேரம். அங்கே கூட வேலை செய்த ஒருத்தி ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஒரு தனியார் நிறுவனம், ஆறு மாதப் படிப்பு, முடித்தால் பர்சனல் ட்ரெய்னர். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பிசியோ ஆசையைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "இதை முடித்தால் பிசியோ படிப்பில் பாதி கழிந்துவிடும்" என்றார். நான் நம்பினேன். பாண் கட்டிச் சேர்த்த காசு அது.

முடித்துவிட்டு ஒரு அரசு கல்லூரிக்குப் போய் அந்தக் கடதாசியை நீட்டினேன். அனுமதிப் பிரிவில் இருந்த அம்மா அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், "இதை யார் உங்களுக்குச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு பாடம்கூடக் கழியவில்லை. ஆகவே யாராவது "கழியும்", "கிரெடிட் கிடைக்கும்" என்று சொன்னால், எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்தப் பாடம் என்று கேளுங்கள். அந்தக் கல்லூரிக்கே ஈமெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்குப் பிறகு காசைக் கட்டுங்கள்.

சரி, உண்மையான பாதை எது?

கனடாவில் பிசியோ மாஸ்டர்ஸ் படிப்பு. முதலில் நான்கு வருட இளமாணிப் பட்டம், அதன்மேல் சுமார் இரண்டு வருடம். ஒண்டாரியோவில் ஐந்து பல்கலைக்கழகங்களில் இருக்கிறது: டொரொண்டோ, மெக்மாஸ்டர், குயின்ஸ், வெஸ்டர்ன், அப்புறம் ஒட்டாவா. ஒட்டாவாவில் பிரெஞ்சு மொழியில். எல்லாவற்றுக்கும் ஓர்பாஸ் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் விண்ணப்பம், அது வழக்கமாக ஜனவரித் தொடக்கத்திலேயே மூடிவிடும். இளமாணிப் பட்டம் கினிசியாலஜியில்தான் (உடல் அசைவைப் பற்றின படிப்பு) இருக்க வேண்டும் என்றில்லை, எந்தத் துறையானாலும் சரி, ஆனால் மனித உடலமைப்பு, உடற்றொழிலியல் மாதிரி அவர்கள் கேட்கிற பாடங்களை எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பட்டத்தின் கடைசி இரண்டு வருடப் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். குறைந்தது பி என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பி எடுத்தவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். நம் இசட் ஸ்கோர் கதைதான், பெயர் மட்டும் வேறு. இன்னொன்று, ஸ்டூடண்ட் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பில் இடம் மிகக் குறைவு, சில இடங்களில் கிடையவே கிடையாது. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) இருந்தால் ஓசாப் என்ற அரசு கல்வி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம், கந்தப்பளைத் தங்கச்சி, இது உனக்கு.

நீளமாக இருக்கிறது, தெரியும். ஆறு வருடம் என்றதும் என் மாமியாருக்கு மூச்சே நின்றது. அதனால்தான் நான் குறுக்கே ஒரு நிறுத்தம் போட்டேன்: பிசியோ உதவியாளர் டிப்ளோமா. ஒண்டாரியோக் கல்லூரிகளில் இரண்டு வருடம், ஒக்கியுபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது) உதவியாளர் படிப்பும் அதோடு சேர்ந்தே வரும், ஆஸ்பத்திரிப் பயிற்சியும் உண்டு. முடித்தால் பதிவு பெற்ற பிசியோவின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். முழங்கால் மாற்றின ஐயாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி, இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் பத்து அடி நடக்க வைப்பது, திட்டத்தில் உள்ள பயிற்சியைக் கூட இருந்து செய்விப்பது, குறிப்பு எழுதுவது, இதெல்லாம் நம் வேலை. என்ன வருத்தம் என்று கண்டுபிடிப்பதும் என்ன செய்வது என்று தீர்மானிப்பதும் பிசியோவின் வேலை. நான் 2021-இல் இதை முடித்தேன், இப்போது ஸ்கார்பரோவில் ஒரு கிளினிக்கில் வேலை, பகுதி நேரமாகக் கினிசியாலஜிப் பட்டம் ஓடுகிறது. ஆனால் கவனம், இந்த டிப்ளோமாவும் மாஸ்டர்ஸுக்கு நேர் ஏணி ஆகாது. மாஸ்டர்ஸுக்கு இளமாணிப் பட்டம் வேண்டும், அதற்கு மாற்று வழி இல்லை. டிப்ளோமா சம்பளம் தரும், அந்த வேலை நமக்கு ஒத்து வருமா என்று காட்டித் தரும். என் வகுப்பில் இருந்த ஒருவன் வயோதிபர் இல்லத்தில் ஒரு மாதப் பயிற்சியிலேயே இது நமக்குச் சரிப்படாது என்று கணக்கியலுக்கு மாறிவிட்டான், ஆறு வருடம் படித்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது நல்லதுதானே.

லண்டன் அண்ணனுக்கு. இங்கிலாந்தில் பிசியோ இளமாணிப் பட்டமே போதும், மூன்று வருடம். வேறு பட்டம் ஏற்கெனவே இருந்தால் இரண்டு வருட மாஸ்டர்ஸ் வழியும் உண்டு. முடித்ததும் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு, அது இல்லாமல் பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரையே போடக்கூடாது, சட்டம். ஏ.எல். பெறுபேறு போதாது என்று சொன்னால் அக்செஸ் டு ஹையர் எஜுகேஷன் என்ற டிப்ளோமாவைப் பற்றி உள்ளூர்க் கல்லூரியில் கேளுங்கள், வயது வந்த பிறகு படிக்க வருகிறவர்களுக்கென்றே உள்ள வாசல் அது. ஜிம் பக்கம் லெவல் 2 ஜிம் இன்ஸ்ட்ரக்டர், லெவல் 3 பர்சனல் ட்ரெய்னர் என்று இருக்கும். ஆனால் மச்சினி ஸ்டூடண்ட் விசாவில் இருந்தால் நில்லுங்கள். அந்த விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. அங்கே முக்கால்வாசி ஜிம்மில் ட்ரெய்னரைச் சுயதொழில்காரராகத்தான் எடுப்பார்கள், ஜிம்முக்கு வாடகை கட்டி வாடிக்கையாளரை நாமே பிடிக்க வேண்டும். சான்றிதழ் கையில் இருக்கும், வேலை செய்தால் விசாவுக்கு ஆபத்து. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

மெல்பன் தம்பி, உனக்கும் அதே மாதிரி ஒன்று. அங்கே செர்டிபிகேட் 3, செர்டிபிகேட் 4 என்று இரண்டு கட்டம், மூன்றோடு ஜிம்மில் நிற்கலாம், நான்கு எடுத்தால் பர்சனல் ட்ரெய்னர். ஏ.பி.என். என்ற சுயதொழில் நம்பர் எடுத்து வேலை செய்தாலும் அது வேலைதான், படிப்பு நடக்கிற காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற எல்லைக்குள் அதுவும் சேரும். காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று வகுப்பு எடுக்கும்போது கணக்கு விட்டுப்போகும், ஒரு கொப்பியில் எழுதி வை. பிசியோ அங்கே நான்கு வருட இளமாணி, பிறகு அப்ரா என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு. உதவியாளர் வேலைக்கு அல்லாய்ட் ஹெல்த் அசிஸ்டன்ஸ் என்ற செர்டிபிகேட் 4 தனியாக இருக்கிறது. பெயர் ஒன்று போலிருப்பதால் ஃபிட்னஸ் நான்கையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே.

அமெரிக்காவில் யாராவது இருந்தால்: பட்டத்துக்கு மேல் மூன்று வருட டாக்டர் படிப்பு, பிறகு தேசியப் பரீட்சை. உதவியாளருக்கு இரண்டு வருடம். இதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நான் பேசினால் அது கேள்விப்பட்ட கதையாகிவிடும்.

பேராதனையிலோ கொழும்பிலோ பிசியோ டிகிரி முடித்துவிட்டு வந்தவர்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு ட்ரெய்னர் சான்றிதழே தேவையில்லை. கனடாவென்றால் நேரே கேப்பர் என்ற அமைப்பில் சான்று மதிப்பீட்டுக்குப் போடுங்கள், அதற்குப் பிறகுதான் தகுதிப் பரீட்சை. கடதாசி வேலை நீளும். அதுவரை உதவியாளர் வேலை பாருங்கள். ஜிம்மில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி எந்தச் சான்றிதழ் என்பது. கனடாவில் ட்ரெய்னர் தொழிலுக்குச் சட்டப்படி லைசன்ஸ் கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்து விற்கலாம், நான் முதலில் வாங்கினதும் அப்படி ஒன்றுதான். ஜிம்காரர்கள் மதிக்கிற பெயர்கள் சில இருக்கின்றன. கேன்ஃபிட்ப்ரோ எங்கும் செல்லும், 18 வயதும் சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்திச் செய்கிற முதலுதவி) சான்றும் இருந்தால் போதும், தியரி ஒன்று, பிராக்டிகல் ஒன்று. நான் இரண்டாவதாக எடுத்தது இதுதான். சீசெப் என்ற அமைப்பின் ட்ரெய்னர் சான்றிதழ் அதைவிடக் கனமானது, அதற்கு உடற்பயிற்சி விஞ்ஞானப் பாடங்களோடு இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு இருக்க வேண்டும். கினிசியாலஜி படிக்கப் போகிறவர்கள் பொறுத்திருந்து அதையே எடுக்கலாம். அமெரிக்கப் பக்கம் ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். என்ற இரண்டு அமைப்புகளின் ட்ரெய்னர் சான்றிதழ்கள். ஏ.சி.இ. பரீட்சை மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, என்.ஏ.எஸ்.எம். இரண்டு மணி நேரத்தில் 120. இரண்டையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மேற்படிப்பு மணித்தியாலங்கள் காட்ட வேண்டும், சி.பி.ஆர். காலாவதியாகாமல் இருக்க வேண்டும். புதுப்பிக்கிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், முதல் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

சி.பி.ஆர். பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீற்றருக்குக் குறையாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வகுப்பில் பொம்மையை அழுத்த முடியாமல் ஜிம் உடம்புக்காரப் பையன்கள் எல்லாம் திணறினார்கள், நான் விடாமல் அழுத்தினேன். பயிற்றுநர் எங்கே பழகினாய் என்று கேட்டார். அம்மியில் அரைத்த கை என்று அவருக்கு எப்படிச் சொல்வது!

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பயப்படுகிற இடம் எது என்று எனக்குத் தெரியும். பெயர்கள். தொடையென்பு, காறையென்பு என்று படித்துவிட்டு அங்கே போய் ஃபீமர், கிளாவிக்கல் என்று கேட்டால் எல்லாம் புதிதாகப் படிக்கிற மாதிரித் தலை சுற்றும். சுற்ற வேண்டியதில்லை, எலும்பு அதே எலும்புதான், ஏ.எல். பயோ ஒழுங்காகப் படித்திருந்தால் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும். நான் ஒரு பழைய கொப்பியில் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ் என்று எழுதி, பேக்கரியில் பொதி கட்டுகிற மேசைக்கு மேலே ஒவ்வொரு நாளும் பத்துச் சொல் ஒட்டி வைப்பேன். ட்ரெய்னர் படிப்பு இதற்கு உண்மையாகவே உதவியது. பின்னால் டிப்ளோமாவில் உடலமைப்புப் பாடம் வந்தபோது மற்றவர்கள் பெயர் மனப்பாடம் செய்துகொண்டிருக்க, நான் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதை இழுக்கிறது என்று நேரடியாகப் போக முடிந்தது.

அதைவிடப் பெரிய உதவி, கண். குந்துவதைப் பாருங்கள், இங்கிலீஷில் ஸ்குவாட். முதல் வாரமே எல்லாரையும் குந்தச் சொல்லிப் பார்ப்போம். ஒருவர் குந்தும்போது குதிகால் தரையை விட்டு எழும்பினால் கணுக்கால் மடியவில்லையோ என்று பார்க்க வேண்டும். முழங்கால் இரண்டும் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று தேடினால் இடுப்புப் பக்கத் தசை பிடிக்கவில்லையோ என்று யோசிக்க வேண்டும். உடம்பு முன்னால் விழுந்தால் வேறு கதை. ஆயிரம் பேர் குந்துவதைப் பார்த்த பிறகு, ஒருவர் கதவைத் திறந்து வந்து கதிரையில் உட்காருவதற்குள்ளேயே ஏதோ ஒன்று கண்ணில் படும். புத்தகத்தில் இதைப் படிக்கலாம், ஆனால் கண்ணுக்குப் பழக்கம் ஜிம்மில்தான் வந்தது. இன்னொரு பக்கம், எங்கள் ஆச்சிமார் 70 வயதிலும் அடுப்படியில் குந்தியிருந்து ரொட்டி சுடுவார்கள், அங்கே 30 வயதுக்காரன் குந்தினால் பின்னால் சாய்கிறான்.

பேச்சும் வரும். ஸ்கார்பரோவில் தமிழ் பேசுகிற ட்ரெய்னர், அதுவும் பெண் என்றால், அம்மாமார் தேடி வருவார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணப் பக்கம். முதல் நாளே ஒரு அம்மா, "பிள்ளை, நாரி நோகுது" என்றார். எனக்கு நாரி என்றால் என்னவென்றே தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் பிறகு கூட வேலை செய்த பெண்ணிடம் கேட்டேன், கீழ் முதுகாம். நாங்கள் இடுப்பு வலி என்போம். "பிள்ளை எவடம்?" என்று கேட்பார்கள், மஸ்கெலியா என்றால் சிலர் ஒரு கணம் நின்றுதான் அடுத்த வார்த்தை பேசுவார்கள். அது நடக்கும், தயாராக இருங்கள். மூன்றாவது கிழமை அதே அம்மாவுக்குப் படியேறும்போது மூச்சு வாங்காமல் போனதும் எவடம் என்பது மறந்துபோய், டப்பாவில் புட்டு வரும்.

இனி நான் செய்த பிழை. இதை வாசிக்காமல் சான்றிதழுக்குக் காசு கட்டாதீர்கள். ஜிம்மில் சேருகிறவர்களிடம் ஒரு கேள்விப் படிவம் நிரப்பி வாங்குவோம்: இதய வருத்தம் உண்டா, நெஞ்சு வலி உண்டா, மூட்டு எலும்பில் பிரச்சினை உண்டா என்று. ஒரு அன்ரி வந்தார், 58 வயது, படிவம் முழுக்க இல்லை, இல்லை, இல்லை. நான் நம்பி இரண்டாவது வாரமே தலைக்கு மேல் எடை தூக்க வைத்தேன், சின்ன எடைதான். மறுநாள் காலை போன் வருகிறது, கையைத் தூக்க முடியவில்லை, தலை வாரக்கூட முடியவில்லை என்று. தோளில் தசைநார் ஏற்கெனவே கிழிந்திருந்தது, ஒரு வருடமாக வலி. பிறகு ஏன் அன்ரி எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டீர்கள் என்று கேட்டால், "உண்டு என்று போட்டால் சேர்க்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்" என்கிறார். நம் ஆட்கள் படிவத்தைப் பரீட்சை மாதிரித்தான் நிரப்புவார்கள். அன்றிலிருந்து படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, "அலுமாரியில் மேல் தட்டில் இருக்கிற டப்பாவை எந்தக் கையால் எடுப்பீர்கள்?" என்று கேட்பேன். ஒரு கையை மட்டும் சொன்னால் மற்றக் கையில் ஏதோ இருக்கிறது.

அந்த அன்ரியை நான் பிசியோவிடம் அனுப்பினேன், காப்புறுதி இருந்ததால் தப்பித்தேன். தனியாகப் பொறுப்புக் காப்புறுதி எடுக்காமல் யாரையும் தொடாதீர்கள். ட்ரெய்னருக்கு நோய் சொல்ல உரிமை இல்லை, வலிக்கு வைத்தியம் பார்க்கவும் உரிமை இல்லை, வலி என்று சொன்ன இடத்தில் நிறுத்தி அனுப்ப வேண்டும். இன்ஸ்டாவில் "வலி நிவாரணம்", "தெரபி" என்று பெயர் போட்டு வீடியோ விடுகிற நம் பையன்கள் சிலரைப் பார்க்கிறேன். பிசியோதெரபிஸ்ட் என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெயர். நாளைக்கு நீங்களே அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய வீடியோ முன்னால் வந்து நிற்கும்.

சம்பளம். ஜிம் சம்பளத்தை நம்பி வீட்டு வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். பல இடங்களில் வாடிக்கையாளர் வந்தால்தான் காசு, ஜனவரியில் கூட்டம், ஜூலையில் ஈ ஓட்டலாம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் கட்டினதில் பாதிக்கு மேல் ஜிம்முக்கே போனது, அது எனக்கு மூன்றாம் மாதம்தான் விளங்கியது. கையெழுத்துப் போடும் முன் எத்தனை வீதம், எப்போது தருவீர்கள், வாடிக்கையாளர் வராமல் விட்டால் எனக்கு என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்லது என்னவென்றால் நேரம். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது, பிறகு மாலை நாலரைக்கு மேல், நடுப்பகல் முழுக்க நமக்கு. வகுப்புக்குப் போக இதைவிட வசதியான வேலை எனக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் போட விடியமுன் எழும்பிப் போன அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஐந்தரை மணி ஒரு மணியா?

கடதாசி விஷயம் ஒன்று, இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, பள்ளிக்கூடத்தில் லக்ஷ்மி, அடையாள அட்டையில் அப்பா பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெயர் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போயிருப்பார். நம்மூரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், வெஸ் மாதிரியான மதிப்பீட்டு நிறுவனத்தில் போட்டால் பெயர் பொருந்தவில்லை என்று கோப்பு அப்படியே நிற்கும். ஊரில் இன்னும் ஆள் இருக்கும்போதே சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள், ஓ.எல்., ஏ.எல். பெறுபேற்றின் இங்கிலீஷ் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் எடுத்து வையுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. என் மதிப்பீடு ஒரு எழுத்து வித்தியாசத்தால் ஐந்து மாதம் தள்ளிப்போனது. இந்தப் பயணத்தில்கூட தம்பியின் பிறப்புச் சான்றிதழுக்காக ஹட்டனுக்கு இரண்டு நாள் அலைந்துவிட்டேன்.

அப்போ வரிசை என்ன என்று கேட்பாய் தங்கச்சி. உன் நிலைமையில் நான் என்றால்: முதல் வேலை பெறுபேறு மதிப்பீட்டுக்குப் போடுவது. அது வருவதற்குள் இங்கிலீஷ் வகுப்பு, கூடவே கேன்ஃபிட்ப்ரோ. பிறகு ஜிம்மில் நின்றுகொண்டே கல்லூரிக்கும் கினிசியாலஜிக்கும் இரண்டுக்குமே விண்ணப்பம் போடுவேன், பிள்ளை பெறுகிற யோசனை இருந்தால் டிப்ளோமா முதலில், இல்லையென்றால் நேரே பட்டம். ட்ரெய்னர் வேலையில் இரண்டு வருடத்துக்கு மேல் விண்ணப்பம் போடாமல் இருந்தால் அங்கேயே வேர் விட்டுவிடும், கைக்காசு புழங்க ஆரம்பித்ததும் படிப்பு அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளும். என்னோடு எடுத்த நான்கு பேரில் மூன்று பேர் அப்படித்தான், அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், பிசியோ ஆசை இருந்ததையே மறந்துவிட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையை முடிகிறார், ஒரு கையால். 31 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடை முதுகில், மலையில் இருந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நாளைக்கு இரண்டு மூன்று தரம். 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்ற கணக்கு, கொழுந்து கூடின மாதத்தில் அதற்கு மேலும் தூக்கியிருக்கிறார். கழுத்து இன்னும் இரும்பு மாதிரி நிற்கிறது. தோள்தான் போய்விட்டது. இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்குங்கள் என்றேன். வலது கை காது வரை போனது. இடது கை தோள் மட்டத்துக்கு வருமுன்னே நின்றது, அதற்குமேல் உடம்பைச் சாய்த்துத்தான் தூக்கினார். கைப்பையில் இருந்த கோணமானியை வைத்துப் பார்த்தேன், 80 பாகைக்குக் கொஞ்சம் மேலே. முழுவதும் என்றால் 180. நான் மெதுவாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாலும் அதே இடத்தில் நின்றது.

என்னவாக இருக்கும் என்று எனக்கு இரண்டு மூன்று சந்தேகம் இருக்கிறது. சொல்லவில்லை. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், டாக்டர் பார்க்கட்டும் என்றேன். அம்மாவுக்குக் கோபம். "அம்புட்டுத் தூரம் போய்ப் படிச்சிட்டு வந்து, ஆத்தா கைய ஒருக்கா உருவிவிடத் தெரியலையா ஒனக்கு?" என்கிறார். கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டார், அங்கே ஒரு ஆயா உருவி விடுவாராம்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம், போனில் 9 வீதம்தான் இருக்கிறது. மெல்பன் தம்பி, உன் கல்லூரி அனுப்பின அந்த ஈமெயிலை முழுதாகப் போடு, படமெடுத்துப் பாதியை வெட்டி அனுப்பாதே. புதன்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.